சோப்பைத் தின்பது தாடி அல்ல!

உங்கள் வீட்டு பாத்ரூமுக்கு ஒரு நிமிஷம் போய்விட்டு வாருங்கள். அவசரமில்லை. காத்திருக்கிறேன்.

அங்கே ஒரு டப்பாவில் சோப்பு இருக்கும். ஷேவிங் சோப்போ, குளிக்கிற சோப்போ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த டப்பாவை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளையாக, கொழகொழவென்று, வடிகஞ்சி மாதிரி ஒன்று வழிகிறதா? அழுக்குத் தண்ணீர் என்று நினைத்து தினமும் கொட்டுகிறீர்களே, அது அழுக்கு இல்லை சார். அதுதான் உங்கள் சோப்பு. கடையில் காசு கொடுத்து வாங்கி, ஒரு தடவைகூட உங்கள் உடம்பில் படாமல் சாக்கடைக்குப் போகிற சோப்பு.

"நாட்டில் எத்தனையோ பிரச்னை இருக்கும்போது சோப்புக்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்பீர்கள். பெரிய பிரச்னைகள் எல்லாமே கைக்குள் அடங்குகிற சின்ன விஷயத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் கட்சி. படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. காலேஜில் இரண்டாம் வருஷம். பட்டனை அழுத்தினால் நுரை கொட்டும் கேனும், நாலைந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜும் கட்டுப்படியாகவில்லை என்று திடீரென ஒரு நாள் ஞானம் வந்து, பழைய காலத்து ரேஸர் ஒன்று, பிரஷ் ஒன்று, 60 கிராம் வட்ட சோப்பு ஒன்று வாங்கி வந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரவாயில்லையே, பையன் தாத்தா வழிக்குத் திரும்புகிறான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம். சோப்பு காலி. டப்பாவுக்குள் பார்த்தால் சேற்றில் மிதக்கும் ஒரு சில்லு. அதையும் குப்பையில் போட்டுவிட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாதுப்பா. நுரையும் சரியா வரல, சோப்பும் நிக்கல. பழைய ஆளுங்க எப்படித்தான் சமாளிச்சாங்களோ" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு வாரத்துல ஒரு சோப்பை முடிச்சுட்டியேடா! உங்க தாத்தா ஒரே சோப்பை ரெண்டு மாசம் வெச்சிருப்பார்."

"எப்படிப்பா வெச்சிருந்தார்?"

"எப்படின்னா... வெச்சிருந்தார்."

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

இல்லை. நான் கேட்கவில்லை. கேட்பது என்ன, அந்த மனிதரை நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

என் அப்பா அரசாங்க குமாஸ்தா. காலையில் ஆறரைக்கு ஜன்னலோரம் கைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு அலுமினியக் குவளைத் தண்ணீரில் சவரம் முடிந்துவிடும். முடிந்ததும் சோப்பு டப்பாவைக் கவிழ்த்து ஒரு உதறு உதறுவார். திறந்தபடியே ஜன்னல் கட்டையில் வெயிலில் வைப்பார். ஆபீஸ் கிளம்பும்போதுதான் மூடி போடுவார். "சோப்புக்குக்கூட வத்தல் காயப் போடறார் பாரு" என்று நாங்கள் சிரிப்போம். கஞ்சத்தனத்தின் உச்சம் என்று எங்கள் தீர்ப்பு.

முதல் சம்பளத்தில் அவருக்கு நான் என்ன வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா? நுரை கேன்! என் மனசு நோகக்கூடாது என்று ஒரே ஒரு நாள் உபயோகித்தார். பிறகு அலமாரியில் வைத்துவிட்டார். அடியில் துருப் பிடித்து, பலகையில் வட்டமாக ஒரு கறை விழுகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. "நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா எவ்வளவு வேணும்னு அதுவே முடிவு பண்ணுது" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. பி.காம். படித்திருந்தும் புரியவில்லை.

*

மகன் கேட்ட கேள்வி உறுத்தியது. அப்பா இப்போது இல்லை. யாரிடம் கேட்பது?

எங்கள் தெருமுனையில் ஒரு சலூன். எனக்கு மீசை அரும்பிய காலத்திலிருந்து அங்கேதான் முடி வெட்டிக்கொள்கிறேன். அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. நாற்பது வருஷ சர்வீஸ். எத்தனை ஆயிரம் முகத்துக்கு நுரை போட்ட கை! அவரிடம் போய், "அண்ணே, ஒரு ஷேவிங் சோப்பு ரொம்ப நாள் வரணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "தம்பி, இந்தக் கடைக்கு வந்து எத்தனையோ பேர் அரசியல் கேட்டிருக்காங்க, சினிமா கேட்டிருக்காங்க, பொண்ணு பார்க்கச் சொல்லியிருக்காங்க. என் தொழிலைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

கவனியுங்கள். நாற்பது வருஷம்!

சவரத்தோடு வைத்தியமும் பார்த்ததால் மருத்துவர் என்றே பெயர் பெற்றவர்களை, கொல்லைப்புறமாக வரச் சொன்ன சமூகம் இது. அவர்கள் கையில் இருந்த வித்தையைப் பாடமாக மதிக்கவில்லை. யாரைக் கேட்டிருக்க வேண்டுமோ அவரைக் கேட்பதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிட்டு, இப்போது விளம்பரத்தில் வரும் கிரிக்கெட் வீரரிடம் சவரம் கற்றுக்கொள்கிறோம்.

அண்ணன் பிரஷ்ஷை எடுத்துச் செய்தே காட்டினார். அவர் சொன்னதை அவர் பாஷையிலேயே தருகிறேன்.

"முதல்ல பிரஷ்ஷைத்தான் நனைக்கணும், சோப்பை இல்ல. நிறைய பேர் சோப்பு மேலே வெந்நீரை ஊத்தி ஊற வைப்பாங்க. ஊறின சோப்பு களி மாதிரி ஆயிடும். தேவைக்கு மேல பிரஷ்ல ஏறிடும். பாதி சோப்பு அங்கேயே போச்சு.

"பிரஷ் முடியா இருந்தா ரெண்டு நிமிஷம் குவளைத் தண்ணியில நிக்கட்டும். நைலான் மாதிரி செயற்கைன்னா முக்கி எடுத்தாப் போதும். அப்புறம் ரெண்டு உதறு. தண்ணி சொட்டக்கூடாது. அந்த ஈரத்தோட சோப்பு மேல லேசா சுத்துங்க. மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. பிரஷ் நுனியில பேஸ்ட் மாதிரி ஒட்டணும். நுரை வரக்கூடாது. நுரை சோப்பு மேல வந்தா வேஸ்ட். முகத்துல வந்தாத்தான் காசு."

நுரை சோப்பு மேல் வந்தால் வேஸ்ட், முகத்தில் வந்தால் காசு. நான் காமர்ஸ் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்து கேட்காத காஸ்ட் அக்கவுண்டிங் பாடம் இது.

"புதுசா செய்யறவங்க பண்ற தப்பு என்ன தெரியுமா? நுரை வரலேன்னதும் மறுபடி சோப்பைத் தேய்ப்பாங்க. சோப்பு பத்தலேன்னு நினைப்பு. பாதி நேரம் பத்தாம இருக்கிறது சோப்பு இல்ல, தண்ணிதான். பிரஷ் நுனியை மட்டும் தண்ணியில தொட்டுட்டு முகத்துல சுத்துங்க. இன்னும் வறட்சியா இருந்தா இன்னொரு தொடு. சொட்டு சொட்டா தண்ணி போகப் போக அதே சோப்பு நாலு மடங்கு பொங்கும். இட்லி மாவைக் கரைக்கிறப்ப ஒரேயடியா குடத்தைக் கவிழ்ப்பீங்களா? அது மாதிரிதான்.

"ஒரு தடவை மழிச்சதும் பிரஷ்ஷைக் கழுவிடாதீங்க. ரெண்டாவது தடவைக்கு வேண்டிய நுரை அதுக்குள்ளயே இருக்கும். எல்லாம் முடிஞ்சதும் சோப்பு மேல இருக்கிற தண்ணியைக் கவுத்துட்டு, காய விட்டுட்டு மூடுங்க. ஈரத்தோட மூடினா உள்ளேயே ஊறிக்கிட்டு கிடக்கும்."

காய விட்டுட்டு மூடுங்க! ஜன்னல் கட்டை, வெயில், வத்தல். முப்பது வருஷத்துக்குப் பிறகு எனக்கு உறைத்தது. அப்பா கஞ்சத்தனம் பண்ணவில்லை. சோப்பைக் காய வைத்தார். அவ்வளவுதான்.

*

கணக்குப் படித்தவன் புத்தி, சும்மா இருக்காதே! ஒரே மாதிரி இரண்டு சோப்பு வாங்கினேன். இரண்டும் 60 கிராம். நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் கெஞ்சி அவனுடைய சின்ன எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்தேன். "தங்கம் நிறுத்த தராசுடா இது" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஒரு சோப்பு மகனுக்கு. பழைய முறைப்படி, அதாவது அவனுடைய முறைப்படி: தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, டப்பாவுக்குள்ளேயே நுரை கடைந்து, ஈரத்தோடு மூடி வைப்பது. இன்னொரு சோப்பு எனக்கு, அண்ணன் சொன்ன முறைப்படி. ஆளுக்குப் பத்து ஷேவ்.

மூன்றாம் நாள் நிறுத்துப் பார்த்தால் தலை சுற்றியது. மகனுடைய சோப்பின் எடை கூடியிருந்தது! உபயோகிக்க உபயோகிக்க ஸ்டாக் ஏறுகிற அதிசயத்தை எந்த ஆடிட்டரும் பார்த்திருக்க மாட்டார். விஷயம் வேறு. சோப்பு தண்ணீரைக் குடித்து ஊதியிருந்தது. நாம் "சோப்பு இன்னும் நிறைய இருக்கு" என்று ஏமாறுவது இப்படித்தான். ஊதிய அந்த மேல் அடுக்குதான் மறுநாள் ஒரே வழித்தலில் போகும்.

அதனால் பத்து ஷேவ் முடிந்ததும் இரண்டையும் இரண்டு நாள் ஃபேன் காற்றில் நன்றாகக் காயவைத்து நிறுத்தேன். என் சோப்பில் குறைந்தது 11 கிராம். மகன் சோப்பில் 26 கிராம்.

இரண்டு முகமும் பளபளவென்றுதான் இருந்தன. அவன் முகத்தில் தாடி ஒன்றும் என்னைவிட அதிகமில்லை. சொல்லப்போனால் குறைவு. அப்படியானால் அந்த 15 கிராம் எங்கே போனது?

இன்னொரு சோதனையும் செய்தேன். ஒரு சோப்பின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். யாரும் ஷேவ் செய்யவில்லை. பிரஷ் படவில்லை. காலையில் அந்தப் பால் நிறத் தண்ணீரைக் கொட்டி, காயவைத்து நிறுத்தால் ஒன்றரை கிராம் காணோம். என் ஒரு நாள் சவரத்துக்கு ஆகிற சோப்பைவிட அதிகம். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ என் சோப்பில் ஷேவ் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இது ஆராய்ச்சிக்கூட முடிவு இல்லை. ஒரு வீட்டுக் கணக்கு. ஆனால் காரணம் எளிமையானது. குளிக்கிற சோப்பு பெரும்பாலும் சோடியத்தில் செய்வது. ஷேவிங் சோப்பில் பொட்டாசியமும் சேரும். பொட்டாசியம் சோப்பு இளகியது, தண்ணீரில் சீக்கிரம் கரைவது. சீக்கிரம் கரைந்தால்தானே பிரஷ்ஷில் ஏறும்? ஈரத்தை இழுத்து வைக்கும் கிளிசரினும் அதில் இருக்கும். நுரை முகத்தில் காயாமல் நிற்க இந்தக் குணங்கள் வேண்டும். அதே குணங்கள்தான் தேங்கிய தண்ணீரில் அதற்கு எமன். சென்னை மாதிரி கடற்கரை ஊரின் புழுக்கத்தில், மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

சோப்பைத் தின்பது தாடி அல்ல சார். தேங்கிய தண்ணீர்.

*

தண்ணீர் என்றதும் இன்னொன்று. போர் தண்ணீரில் குளிக்கும் பாக்கியசாலிகள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. சோப்பைக் கண்டால் இவை முதலில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்து உண்டாவதுதான் பக்கெட் ஓரத்தில் படியும் அந்த வெள்ளைத் திப்பி. தண்ணீரில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் எல்லாம் வயிறு நிரம்பி ஓய்ந்த பிறகுதான் மிச்ச சோப்பு நுரைக்கவே ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் சோப்புக் கரைசலை விட்டு, எப்போது நுரை நிற்கிறது என்று பார்த்து நீரின் கடினத்தன்மையைச் சோதித்தோமே, நினைவிருக்கிறதா? அதே சோதனையைத்தான் நீங்கள் தினமும் காலையில் உங்கள் சொந்த சோப்பில், சொந்தச் செலவில் நடத்துகிறீர்கள்.

இதற்கு வைத்தியம் ரொம்பச் சுலபம். வீட்டில் குடிக்கிற கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ ஒரு அரை டம்ளர். பிரஷ் நனைக்கவும் நுரை கூட்டவும் அது போதும். முகம் கழுவவும் ரேஸர் அலசவும் எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? அந்த அரை டம்ளரில் மிச்சமானதைக்கூடச் செடிக்கு ஊற்ற வேண்டாம், மறுநாள் மூடி வைத்து உபயோகித்துக்கொள்ளலாம்.

என் மகன் "நுரை சரியா வரல" என்றானே, பாதிக் காரணம் இதுதான். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அவன் குற்றம் சாட்டியதோ தாத்தா காலத்து முறையை. இப்படித்தான் நிறைய பேர் ஒரு மாதம் முயன்றுவிட்டு, "இது ஒத்துவராது" என்று கேனுக்கே திரும்புகிறார்கள். தோற்றது முறையா? சொல்லித்தர ஆள் இல்லாமல் போனது முறையின் குற்றமா?

*

இனி கொஞ்சம் சரித்திரம்.

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்று ஒரு விற்பனையாளர் இருந்தார். சோடா பாட்டிலை மூடும் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரிடம் வேலை பார்த்தவர். மக்கள் ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிகிற மாதிரி ஒரு பொருளைக் கண்டுபிடி, வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான் என்பது பெயின்டர் அவருக்குச் சொன்ன யோசனை. 1895-ல் ஜில்லெட்டுக்குத் தட்டுப்பட்டது, தூக்கி எறியும் பிளேடு. 1903-ல் விற்பனை தொடங்கியது. முதல் வருஷம் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

பிளேடு மேல் எனக்குக் கோபமில்லை. அது உண்மையிலேயே மழுங்குகிற பொருள். மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தத்துவம் பிளேடோடு நிற்கவில்லை. 1971-ல் இரண்டு பிளேடு. 1998-ல் மூன்று. 2003-ல் போட்டி கம்பெனி நாலு. 2006-ல் ஐந்து. அடுத்தது என்ன, அரிவாள்மணையா என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, 2010-ல் அதே ஜில்லெட் இந்தியாவுக்கென்று கொண்டுவந்த மலிவு ரேஸரில் எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்று! விலை 15 ரூபாய். ஒரு பிளேடே போதும் என்பது அவர்களுக்கு எப்போதும் தெரியும். நமக்குத்தான் தெரியக்கூடாது.

சோப்பிலும் இதே கதைதான். சோப்பும் பிரஷ்ஷும் இருந்தால் எவ்வளவு எடுப்பது என்பது உங்கள் கையில். கேன் என்று வந்துவிட்டால் பட்டன் கையில். கொட்டிய நுரையைத் திரும்ப உள்ளே போட முடியுமா? கேனில் முதல் சரக்கு தண்ணீர். நுரையை வெளியே தள்ளுவது புரொப்பேன், பியூட்டேன் என்று நம் சமையல் கேஸ் சிலிண்டரின் சொந்தக்கார வாயுக்கள். காலியானதும் தூக்கி எறிய ஒரு உலோக டப்பா. தண்ணீரையும் காற்றையும் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதற்கு வசதி என்று பெயர் வைத்திருக்கிறோம். "எவ்வளவு வேணும்னு அதுவே முடிவு பண்ணுது" என்று என் அப்பா சொன்னது இதைத்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கேனை வெறுத்து, பழைய முறைக்குத் திரும்பிய புது பக்தர்கள். இவர்களையும் நான் விடப்போவதில்லை. போன வருஷம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் பதினெட்டு சோப்பு. சந்தன வாசனை, எலுமிச்சை வாசனை, புகையிலை வாசனைகூட உண்டாம். ஒரு சோப்பு ஆயிரம் ரூபாய்க்கு மேல். "சிக்கனத்துக்காக மாறினேன்" என்றார். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு! இருக்கிற ஒரு முகத்துக்குப் பதினெட்டு சோப்பு வைத்துக்கொண்டு, "சோப்பு ரொம்ப நாள் வருது சார்" என்கிறார். வராமல் என்ன செய்யும்?

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சோப்பு, ஒரு பிரஷ். அது தீருகிறவரை அடுத்தது கிடையாது. ஒவ்வொரு சோப்பும் ஒவ்வொரு அளவு தண்ணீர் கேட்கும். வாரம் ஒரு சோப்பு மாற்றினால் ஒன்றின் நாடியும் பிடிபடாது. கடைசியில் மெல்லிய சில்லாக வந்ததும் எறியாதீர்கள். லேசாக நனைத்துப் புது சோப்பின் தலையில் அழுத்திவிடுங்கள், ஒட்டிக்கொள்ளும். துருவிக்கூடப் போடலாம். ஆனால் தேங்காய்த் துருவியைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு தாமதமானது.

*

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இவ்வளவு பாடுபட்டு என்னய்யா மிச்சம்?"

நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். 60 கிராம் சோப்பு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் முறையில் ஒரு ஷேவுக்கு 2.6 கிராம், ஆக 23 ஷேவ். ஒன்றுக்கு 2 ரூபாய் 17 பைசா. அண்ணன் முறையில் 1.1 கிராம், ஆக 54 ஷேவ். ஒன்றுக்கு 93 பைசா. தினம் சவரம் செய்பவருக்கு வருஷத்துக்கு மிச்சம் சுமார் 450 ரூபாய்.

"வெறும் 450 ரூபாயா? ஒரு சினிமா, ஒரு பாப்கார்ன்" என்று உதட்டைப் பிதுக்குகிறீர்கள். சரி. ஷேவிங் கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 2017 நவம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று என்ன கொண்டாட்டம்! வரி குறைந்தது, நடுத்தர வர்க்கம் பிழைத்தது என்று டி.வி.யில் விடிய விடிய விவாதம். நானும்தான் பேசினேன். அந்தப் பதிமூன்று சதவீதத்துக்கு அவ்வளவு கைதட்டிய நாம், சோப்பு டப்பாவில் தேங்கும் தண்ணீருக்கு சோப்பில் பாதிக்கு மேல் தினமும் வரி கட்டுகிறோம். என் வீட்டுக் கணக்கில் அது 26-க்கு 15. எந்த அரசாங்கமாவது அப்படி வரி போட்டால் சும்மா விடுவோமா?

450 ரூபாய் உங்களுக்குச் சில்லறையாக இருக்கலாம். உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நிற்கிறாரே செக்யூரிட்டி, அவருக்கு? "டூட்டிக்கு வரும்போது முகம் மழித்திருக்க வேண்டும்" என்று அவருக்கு விதி போட்டவர்கள் சோப்புக்குக் காசு கொடுப்பதில்லை. தினம் மழித்துத்தான் ஆக வேண்டிய ஏழைக்கும், விருப்பத்துக்கு மழிக்கிற நமக்கும் கடையில் ஒரே விலைதான். எப்படிச் சிக்கனமாக வைத்துக்கொள்வது என்ற அறிவு அவரிடம் இருந்தால் அதைக் கஞ்சத்தனம் என்கிறோம். கேனைப் பீய்ச்சி அடிக்கும் நம் அறியாமைக்கு லைஃப் ஸ்டைல் என்று பெயர் வைத்திருக்கிறோம். என் கோபமெல்லாம் இந்தப் பெயர் மாற்றத்தின் மேல்தான்.

அதற்காக எதை வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். முகத்தில் போடும் நுரையில் கஞ்சத்தனம் கூடாது. பாதி காய்ந்த நுரையில் பிளேடு இழுத்தால் ரத்தம்தான் வரும். மழுங்கின பிளேடை ஓட்டாதீர்கள். அடுத்தவர் பிளேடைத் தொடவே தொடாதீர்கள். சோப்பு போடும் முன் முகத்தை இரண்டு நிமிஷம் நன்றாக நனைத்து ஊற விடுங்கள். நனைந்த முடி சுலபமாக வெட்டுப்படும். ஊற வேண்டியது உங்கள் தாடி. சோப்பு அல்ல. நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்.

சிக்கனம் என்பது குறைவாக உபயோகிப்பது இல்லை. உபயோகிக்காமலே போவதைத் தடுப்பது. என் அப்பா முகத்தில் நுரை பொங்கப் பொங்கத்தான் சவரம் செய்தார். டப்பாவில்தான் ஒரு சொட்டு விடவில்லை.

மகன் இப்போது மறுபடி சோப்புக்கு வந்துவிட்டான். அண்ணன் கடைக்கு அவனையே அனுப்பி, கையில் பிரஷ்ஷைக் கொடுத்துக் கற்றுக்கொள்ள வைத்தேன். "உங்க தாத்தா முகத்துக்கும் இந்தக் கைதான் தம்பி நுரை போட்டுச்சு, கல்யாண நாள், பண்டிகை நாள்ல" என்றாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதை இரண்டு தடவை சொன்னான்.

நேற்றுக் காலை பார்த்தேன். அப்பா உட்கார்ந்த அதே ஜன்னல். அதே கட்டை. திறந்த டப்பாவில் சோப்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவனுடைய தங்கை பார்த்துவிட்டு, "அண்ணா, சோப்புல வத்தல் போட்டிருக்கியா?" என்று சிரித்தாள். அவன் அவளை உட்காரவைத்து விளக்க ஆரம்பித்தான். நான் குறுக்கே பேசவில்லை.

நீங்கள் மட்டும் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த டப்பாத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வந்தீர்களா, இல்லையா?